தேர்வு நடக்காத ஆண்டு: 2020இன் பத்தாம் வகுப்பு

தமிழ்நாட்டில் 2019-20ஆம் கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு முடித்ததாகச் சான்றிதழ் பெற்ற பள்ளி மாணவர்கள் 9,39,829 பேர். அவர்களில் ஒருவர்கூட அந்த ஆண்டின் பொதுத்தேர்வை எழுதவில்லை. ஒருவர்கூடத் தோற்கவும் இல்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று முடிவு வெளியானபோது மாநிலத்தின் தேர்ச்சி விகிதம் நூறு. எந்த மாவட்டம் முதலிடம், எந்த மாவட்டம் கடைசி, மாணவியர் எத்தனை விழுக்காடு முந்தினர் என்று ஆண்டுதோறும் அலசிப் பழகிய மாநிலத்தில், அலச எதுவுமே இல்லாத முடிவு அது. அன்றைக்கு அந்த வகுப்புக்கு ஒட்டிய 'ஆல் பாஸ் பேட்ச்' என்ற பெயர் பிறகு கழன்று விழவே இல்லை.

அந்த மாணவர்கள் இப்போது இருபதைத் தாண்டிய இளைஞர்கள். எந்த வகுப்புக்கும் தன் பள்ளிக்காலத்தில் மறக்க முடியாத ஆண்டு ஒன்று இருக்கும். போட்டியில் வென்ற ஆண்டு, புதுக் கட்டடம் வந்த ஆண்டு, பிடித்த ஆசிரியர் மாறுதலாகிப் போன ஆண்டு என்று ஏதாவது நடந்ததால் அது நினைவில் நிற்கும். இந்த வகுப்பின் நினைவிலோ, நடக்க வேண்டியது நடக்காமல் போன ஆண்டுதான் நிற்கிறது.

அந்த ஆண்டைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய பத்தாண்டுகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கல்வித் துறை புதிதாக எதைத் தொடங்கினாலும் அது முதலில் வந்து சேர்ந்த வகுப்புகளில் ஒன்று இது. இவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2010 ஜூனில். சமச்சீர் கல்வி முதன்முதலாக ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் அறிமுகமானது அந்த ஆண்டுதான். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. புதிய அரசு சமச்சீர் கல்வியை நிறுத்திவைக்க முயன்றது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 2011 ஆகஸ்ட் 9 அன்று, பத்து நாட்களுக்குள் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வந்தார்கள். எந்தப் புத்தகத்தை நடத்துவது என்பதே பள்ளிகளில் முடிவாகாமல் கிடந்தது. 2012-13இல், மூன்றாம் வகுப்பில், முப்பருவ முறை வந்தது. புத்தகம் மூன்றாகப் பிரிந்து பையின் சுமை குறைந்தது. ஒரு பருவத்தில் படித்ததை அடுத்த பருவத்தில் மறந்துவிடலாம் என்ற வசதியும் கூடவே வந்தது. ஒன்பதாம் வகுப்புவரை இதே முறையில்தான் படித்தார்கள்.

2018இல் பாடத்திட்டம் மீண்டும் மாறியது. புதிய புத்தகங்கள் முதல் கட்டமாக 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வந்தன. இவர்கள் அப்போது ஒன்பதில். மறு ஆண்டு பத்தாம் வகுப்புக்கும் புதுப் புத்தகம் வந்தது. முதலில் பெற்றவர்கள் இவர்களே. க்யூஆர் குறியீடு, வண்ணப் படங்கள், இணையச் செயல்பாடுகள் என்று பார்க்க அழகாக இருந்த அந்தப் புத்தகங்கள் கனத்திலும் குறைந்தவையல்ல. முந்தைய ஆண்டு வினாத்தாள் என்று எடுத்துப் பார்க்க எதுவுமில்லை. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று காட்டும் வினாத்தாள் வரைவுப் படிவத்தையும் அரசு கைவிட்டிருந்தது. ஐந்து ஆண்டு வினாத்தாள்களை வைத்து 'முக்கியமான கேள்வி' குறித்துக்கொடுத்துப் பழகிய ஆசிரியர்களுக்கு அது கையைக் கட்டிப்போட்டதுபோல் இருந்தது.

அந்தக் கல்வியாண்டின் நடுவில் இன்னும் இரண்டு மாற்றங்கள் வந்தன. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இரண்டிரண்டு தாள்கள் இருந்தது போய், ஒவ்வொரு தாள் என்று 2019 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இரண்டரை மணி நேரத் தேர்வு மூன்று மணி நேரமானது. ஆக, ஐந்தே தாள், தாளுக்கு மூன்று மணி நேரம் என்ற புதிய முறையில் முதன்முதலாக எழுத வேண்டியவர்கள் இவர்கள். அதோடு நிற்கவில்லை. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்பது 2017-18 முதல் நடைமுறையில் இருந்ததால், பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று அடுத்தடுத்து மூன்று பொதுத்தேர்வுகள் இவர்களுக்குக் காத்திருந்தன. அதே கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும்கூடப் பொதுத்தேர்வு நடத்த அரசு முனைந்தது; பெற்றோரும் ஆசிரியர் அமைப்புகளும் கட்சிகளும் எதிர்த்ததால் 2020 பிப்ரவரி 4 அன்று அதைக் கைவிட்டது. தேர்வுகளைக் கூட்டிக்கொண்டே போன ஓர் அரசுதான் நான்கு மாதங்களில் தேர்வே வேண்டாம் என்று அறிவிக்கும் நிலைக்கு வந்தது.

தமிழ்நாட்டுக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு என்பது பிள்ளைக்கு மட்டும் வரும் வகுப்பன்று. அந்த ஆண்டு வீட்டில் கேபிள் இணைப்பு துண்டிக்கப்படும். கல்யாணம், காதுகுத்துக்குப் போவது நின்றுபோகும். சொந்தக்காரர்கள் வந்தால் படிப்பு கெடுமே என்று அம்மா முகம் சுளிப்பார். பள்ளியிலும் அப்படித்தான். காலையில் எட்டு மணிக்கே சிறப்பு வகுப்பு, மாலையில் ஸ்லிப் டெஸ்ட், சனிக்கிழமையும் பள்ளி. அரசுப் பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் எடுத்து, அவர்களை முப்பத்தைந்து மதிப்பெண் தாண்டவைப்பதற்கென்றே தனியாகக் குறைந்தபட்சக் கற்றல் கையேடு போடுவார்கள். காலாண்டு, அரையாண்டு, அதன்பின் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் திருப்புதல் தேர்வுகள். இவ்வளவும் மார்ச் மாதத்துச் சில காலைப் பொழுதுகளுக்காக. 2020க்குக் குறிக்கப்பட்டிருந்த நாட்கள் மார்ச் 27 முதல் ஏப்ரல் 13 வரை.

மார்ச் 17 முதல் மாநிலத்தின் பள்ளிகள் மூடப்பட்டன. பொதுத்தேர்வுகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. பிளஸ் டூ தேர்வு நடந்துகொண்டிருந்தது. அதன் கடைசித் தாள் மார்ச் 24 அன்று. அன்று மாலை ஆறு மணிக்கு மாநில ஊரடங்கும் நள்ளிரவில் நாடு தழுவிய ஊரடங்கும் தொடங்கின. பேருந்து ஓடாததாலும் பயத்தாலும் ஆயிரக்கணக்கான பிளஸ் டூ மாணவர்கள் அந்தக் கடைசித் தாளை எழுத வரவில்லை. அவர்களுக்காக ஜூலை 27 அன்று மறுதேர்வு நடந்தது. பிளஸ் ஒன் மாணவர்களுக்கும் ஒரு நாள் தேர்வு பாக்கி நின்றது. பத்தாம் வகுப்புக்கோ ஒரு தாள்கூட நடக்கவில்லை. மேல்வகுப்புகள் இரண்டும் கரையேறும் நேரத்தில் வந்த அலை, இவர்கள் காலை நனைக்கும் முன்பே கரையை மூடிவிட்டது.

இப்படிப் பள்ளி மூடியதில், பிரியும் நாள் என்று ஒன்று இல்லாமலே போனது. பத்தாம் வகுப்பு பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் கடைசி வகுப்பு. அதன்பின் ஒருவர் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்கும், ஒருவர் பாலிடெக்னிக்குக்கும், ஒருவர் ஐ.டி.ஐ.க்கும், ஒருவர் மாமாவின் கடைக்கும் போவார்கள். அதனால்தான் ஹால் டிக்கெட் வாங்கும் நாளுக்கும் கடைசித் தேர்வு நாளுக்கும் அவ்வளவு கூத்து: சட்டையில் மை தெளிப்பது, ஆட்டோகிராப் நோட்டு சுற்றுவது, வாசலில் ஐஸ் வாங்கித் தின்பது, ஆசிரியர்களை நடுவில் உட்காரவைத்துப் படம் எடுப்பது. இவற்றைச் சில்லறை என்று தள்ளிவிடலாம். ஆனால் பள்ளி முடிந்தது என்பதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உணர்த்துவது மாற்றுச் சான்றிதழ் அல்ல, இந்தச் சில்லறைதான். மார்ச் நடுவில் பத்து நாள் விடுமுறை என்று நினைத்து வீட்டுக்குப் போனவர்கள் அந்த வகுப்பறையில் ஒன்றாக மறுபடி உட்காரவே இல்லை.

அடுத்த மூன்று மாதங்கள் தேதிகளின் ஊசலாட்டம். தேர்வு முதலில் ஏப்ரல் நடுப்பகுதிக்குத் தள்ளப்பட்டது. ஊரடங்கு நீண்டது. மே 12 அன்று, ஜூன் 1 முதல் 12 வரை தேர்வு என்று அறிவிப்பு வந்தது. ஒரே வாரத்தில் அது ஜூன் 15 முதல் 25 வரை என்று மாறியது. ஒவ்வொரு தேதிக்கும் ஒருமுறை புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, முதல் பாடத்திலிருந்து தொடங்கி, பாதியில் விடும் வேலை நடந்தது. மாநிலத்தின் தமிழ்ப் பாடத்து முதல் இயலை அந்த வகுப்பு அளவுக்குத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் இருக்க முடியாது.

அரசு தேர்வை நடத்துவதில் உறுதியாகவே இருந்தது. அறைக்குப் பத்து மாணவர்கள், படித்த பள்ளியிலேயே தேர்வு மையம், முகக்கவசம், சிறப்புப் பேருந்து என ஏற்பாடுகள் நடந்தன. ஆசிரியர்கள் வெளியூர்களிலிருந்து இ-பாஸ் வாங்கித் திரும்பினார்கள். இன்னொரு பக்கம், ஜூன் 8 அளவில் மாநிலத்தில் தொற்று உறுதியானவர்கள் 33 ஆயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில். அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒன்பது லட்சம் மாணவர்களின் உயிரோடு ஏன் இந்த அவசரம் என்ற பொருளில் அரசைக் கேட்டது. அதே நாளில் தெலங்கானா தன் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தது. மறுநாள், ஜூன் 9 அன்று, முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பத்தாம் வகுப்புத் தேர்வையும் பிளஸ் ஒன்னின் மிச்சத் தாளையும் ரத்து செய்வதாகவும் அனைவரும் தேர்ச்சி பெற்றதாகவும் அறிவித்தார். தமிழ்நாட்டுத் தேர்வுத் துறையின் கீழ் எழுதும் புதுச்சேரி, காரைக்கால் மாணவர்களும் அதே வழியில் தேறினார்கள்.

அண்டை மாநிலங்கள் எல்லாம் இந்த முடிவை எடுக்கவில்லை. கேரளம் எஸ்.எஸ்.எல்.சி.யின் எஞ்சிய தாள்களை மே 26 முதல் 28 வரை நடத்தி முடித்தது. கர்நாடகம் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஜூன் 25 தொடங்கித் தேர்வு நடத்தியது. இதை வைத்துத் தமிழ்நாடு பயந்துவிட்டது என்று பேசியவர்கள் உண்டு. கேரளத்தில் மே மாத இறுதியில் இருந்த தொற்று நிலவரத்தைச் சென்னையின் ஜூன் மாத நிலவரத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது நியாயமல்ல. முடிவு சரியானதே. அதற்கு மூன்று மாதம் பிடித்ததுதான் தவறு. மாணவர்கள் உண்மையில் களைத்துப்போனது அந்த மூன்று மாதங்களில்தான்.

தேர்வு இல்லை, சரி. மதிப்பெண்? அரசு சொன்ன வழி இது: ஒவ்வொரு பாடத்திலும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களிலிருந்து 80 விழுக்காடு, வருகைப்பதிவிலிருந்து 20 விழுக்காடு. காகிதத்தில் பார்த்தால் எளிய கணக்கு. பள்ளிக்கூடத்தின் உள்நடப்பு தெரிந்தவர்களுக்கு மட்டுமே அதன் சிக்கல் புரியும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு மாணவனை மிரட்டுவதற்கான தேர்வு. டிசம்பரில் கொஞ்சம் கண்டிப்பாகத் திருத்தினால் பையன் ஜனவரியிலிருந்து ஒழுங்காக உட்காருவான் என்பது ஆசிரியர்கள் பலரின் நம்பிக்கை. படி எழுதாததற்கு ஒரு மதிப்பெண், படத்தில் பாகம் குறிக்காததற்கு அரை மதிப்பெண் என்று குறைத்துப் போடுவார்கள். பொதுத்தேர்வில் எப்படியும் கூட வரும் என்பது பேசாத ஒப்பந்தம். மாணவர்களும் அதற்கேற்பவே படித்தார்கள். காலாண்டுக்குப் பாதி மனது, அரையாண்டுக்கு முக்கால் மனது, திருப்புதலில்தான் முழு மூச்சு. தொண்ணூறுக்கு மேல் எடுக்கக்கூடிய எத்தனையோ பிள்ளைகளின் அரையாண்டுத் தாளில் எழுபதுதான் இருந்தது. இன்னொரு பக்கம், பெற்றோர் மனம் நோகக் கூடாது என்று தாராளமாக மதிப்பெண் போடும் பள்ளிகளும் இருந்தன. கண்டிப்பான ஆசிரியரிடம் படித்தவன் இழந்தான். இளகிய ஆசிரியரிடம் படித்தவன் பெற்றான். அதை இனி யாரும் பிரித்தறிய முடியாது, ஏனென்றால் சான்றிதழில் இரண்டு எண்களும் ஒரே மாதிரிதான் அச்சாகியிருக்கின்றன.

வருகைப்பதிவின் 20 விழுக்காடும் அவ்வளவு அப்பாவியானதல்ல. பருத்தி எடுக்கவும் நாற்று நடவும் அம்மாவுக்குத் துணையாகப் போன பெண்பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற அக்கா, மழையில் பேருந்து வராத மலைக்கிராமத்துப் பையன் ஆகியோருக்குப் பொதுத்தேர்வு ஒரு சமன்செய்யும் வாய்ப்பாக இருந்தது. ஆண்டு முழுவதும் எப்படிப் போனாலும் அந்த மூன்று மணி நேரத்தில் ஈடுகட்டலாம். புதிய கணக்கில் அந்த வாய்ப்பு இல்லை. தனித்தேர்வர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குக் காலாண்டும் கிடையாது, அரையாண்டும் கிடையாது, வருகைப்பதிவும் கிடையாது. பள்ளி மாணவர்கள் அனைவரும் தேறிய ஆண்டில், அவர்கள் மட்டும் செப்டம்பரில் முகக்கவசம் அணிந்துபோய்த் தேர்வு எழுதினார்கள். ஆல் பாஸ் என்ற சொல்லில் 'ஆல்' யார் யாரைக் குறித்தது என்பதை அவர்களைக் கேட்டால் தெரியும்.

அந்த மதிப்பெண்ணை வைத்துப் பிளஸ் ஒன் சேர்க்கை ஆகஸ்ட் 24 முதல் நடந்தது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்புக்கு மதிப்பெண் கேட்கும் பள்ளிகளில், டிசம்பரில் தூக்கக் கலக்கத்தோடு எழுதிய அறிவியல் தாள் ஒருவரின் பாடப்பிரிவை முடிவு செய்தது.

இந்த வகுப்பு உண்மையில் இழந்தது தேர்வையா, வேறொன்றையா என்ற கேள்விக்குப் பதில் பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பாடங்களை அவர்கள் முழுவதும் படித்து முடித்திருந்தார்கள். தேர்வு மட்டும்தான் எழுதவில்லை. பிளஸ் ஒன்னிலோ பாடமே நடக்கவில்லை. வேதியியலில் மோல் கருத்து, கணக்கில் வகையிடல், வணிகவியல் மாணவருக்குக் கணக்குப்பதிவியலின் பற்று வரவு என்று, பள்ளிப்படிப்பு ஒரே தாவலில் மேலேறும் இடம் அது. அந்தத் தாவலைத்தான் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து தாவச் சொன்னார்கள்.

திரை எல்லாருக்கும் இருந்ததா என்பது அடுத்த கேள்வி. அரசு 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, யாரும் எதிர்பாராத வகையில் 2020 ஜூலையிலிருந்து பள்ளிக்கூடமாகவே மாறியது. தொலைக்காட்சி இல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு என்பதால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாது. மின்சாரம் போனால் பாடமும் போனது. தனியார் பள்ளிகள் கூகுள் மீட், ஸூம் என்று நேரலை வகுப்பு நடத்தின. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் காணொளியும் கேள்வித்தாளும் அனுப்பினார்கள். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு இரவு எட்டு மணிக்குத்தான் கைக்கு வரும். அண்ணனுக்குக் கல்லூரி வகுப்பு என்றால் அதுவும் இல்லை. சிக்னலுக்காக மொட்டைமாடிக்கும் மேட்டு நிலத்துக்கும் ஏறியவர்கள் உண்டு. வசதி வேறுபாட்டைச் சீருடை மறைத்துவைத்திருந்தது. அந்த ஆண்டு அது கலைந்துபோனது.

மேல்நிலை மாணவர்களுக்கு அரசு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டம் 2011 முதல் இருந்தது. ஓராண்டு மூத்தவர்களான பிளஸ் டூ மாணவர்களின் மடிக்கணினிகளில் 2020 ஜூலையில் பாடக் காணொளிகளைப் பள்ளிகளே ஏற்றித் தந்தன. அடுத்து வந்த இவர்களுக்கு அந்த மடிக்கணினி கிடைக்கவில்லை. கரோனா காலத்தில் திட்டம் நின்றுபோனது. மடிக்கணினி வீட்டில் அலங்காரப் பொருளாகக் கிடந்த ஆண்டுகளில் தவறாமல் வந்தது, அது இல்லாமல் ஆகாது என்ற ஆண்டில் வரவில்லை.

பதினைந்து, பதினாறு வயதுக்காரர்களை ஒரு கைப்பேசியோடு ஓர் அறையில் விட்டால் பாடம் மட்டுமா நடக்கும்? பப்ஜி செப்டம்பர் தொடக்கத்தில் தடை செய்யப்பட்டதை இந்த வகுப்பு ஒரு தேசிய நிகழ்வாக நினைவு வைத்திருக்கிறது. தடைக்குப் பிறகு ஃப்ரீ ஃபயருக்கு மாறினார்கள். வருகைப்பதிவு எடுத்ததும் கேமராவை அணைத்துவிட்டு விளையாடிய கதைகளும், 'மியூட்' போட மறந்ததால் வீட்டுச் சண்டை முழுவதும் வகுப்புக்கே கேட்ட கதைகளும் இவர்கள் கூடும் இடங்களில் இன்னும் சிரிப்பை வரவழைக்கும். சிரிக்க முடியாத கதைகளும் அதே ஆண்டில் நடந்தன. கல்குவாரி, பனியன் கம்பெனி, கட்டட வேலை என்று போன பையன்களில் சிலர் திரும்பவில்லை. பள்ளி என்ற காவல் இல்லாத மாதங்களில் கிராமங்களில் பெண்பிள்ளைகளுக்கு அவசரக் கல்யாணங்கள் நடந்தன. தொற்றில் தாயையோ தந்தையையோ இழந்தவர்களும் இந்த வகுப்பில் இருக்கிறார்கள்.

பள்ளியைத் திறக்க 2020 நவம்பரில் ஒரு முயற்சி நடந்தது. பெற்றோரிடம் கருத்துக் கேட்டு, பிறகு கைவிட்டார்கள். 2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் மட்டும் திறந்தன. பிளஸ் ஒன்னுக்கு பிப்ரவரி 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறைக்கு இருபத்தைந்து பேர், வாசலில் வெப்பமானி, கையில் சத்து மாத்திரை. புதிய பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதம் கழித்துத்தான் பலர் அதன் வாசலை முதன்முதலாக மிதித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம் பாதிதான் தெரிந்தது. பிப்ரவரி 25 அன்று 9, 10, 11 வகுப்புகளுக்குத் தேர்வின்றித் தேர்ச்சி என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மார்ச் 22 முதல் அந்த வகுப்புகள் மறுபடி மூடப்பட்டன. பிளஸ் ஒன் என்ற ஓராண்டில் இந்த வகுப்பு பள்ளியில் இருந்தது மொத்தம் ஆறு வாரம்.

முன்னும் பின்னும் இருந்த வகுப்புகளும் தப்பவில்லை. ஓராண்டு மூத்தவர்களுக்கு 2021 ஜூன் 5 அன்று பிளஸ் டூ தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று மதிப்பெண் போடப்பட்டு 8,16,473 பேர் தேறினார்கள். ஓராண்டு இளையவர்களின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை, 'தேர்ச்சி' மட்டும்தான். மூத்தவர்களாவது 2019இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதியவர்கள். பிளஸ் டூ தேர்வுக்குப் போகும்போது 2020இன் வகுப்புக்கு மட்டும் முன் அனுபவம் எதுவுமில்லை.

பிளஸ் டூ 2021 ஜூனில் மீண்டும் திரையில்தான் தொடங்கியது. செப்டம்பர் 1 அன்று பள்ளி திறந்தது. ஆசிரியர்கள் முதலில் கண்ட குறை எழுத்து வேகம். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதும் கைப்பழக்கம் ஒன்றரை ஆண்டில் போய்விட்டிருந்தது. வகையிடல் தெரியாதவர்களுக்குத் தொகையிடல் நடத்த வேண்டியிருந்தது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பல பள்ளி நாட்களைத் தின்றது. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்து பொங்கலுக்குப் பின் மாத இறுதிவரை பள்ளியை மூடியது. பாடத்திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. தேர்வு மறுபடி ரத்தாகும் என்ற வதந்தி கடைசிவரை ஓயவில்லை. அப்படி நேர்ந்தால் கைகொடுக்கும் என்றுதான் பிப்ரவரியில் திருப்புதல் தேர்வைப் பொதுத்தேர்வு போலவே மாநிலம் முழுவதும் ஒரே வினாத்தாளில் நடத்தினார்கள். அந்த வினாத்தாள்களில் சில முன்கூட்டியே சமூக வலைத்தளங்களில் வெளியானது தனிக்கதை.

ஒருவழியாக 2022 மே 5 அன்று பிளஸ் டூ தேர்வு தொடங்கி 28 அன்று முடிந்தது. வழக்கமாக மார்ச்சில் நடக்கும் தேர்வு, அக்னி நட்சத்திரத்தின் முதல் நாளை மட்டும் விட்டுவிட்டுக் கடைசி நாள்வரை கத்திரி வெயிலோடு சேர்ந்தே ஓடியது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பில் இந்த வகுப்பு எழுதிய முதல் பொதுத்தேர்வு அது, கடைசியும் அதுவே. விடைத்தாளின் முகப்புச் சீட்டில் எங்கே கையெழுத்துப் போடுவது, கூடுதல் தாளை எப்படிக் கோப்பது என்பதெல்லாம் பதினேழு வயதில் புதிது. முதல் நாளிலேயே 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வரவில்லை. ஆல் பாஸ் என்ற சொல்லுக்குள் மறைந்திருந்தவர்களின் எண்ணிக்கை அன்றுதான் வெளியே தெரிந்தது: பெயர் பதிவேட்டில் இருந்தது, ஆள் எப்போதோ பள்ளியை விட்டுப் போயிருந்தார். ரத்தான ஒவ்வொரு தேர்வும் தோல்வியைத் தடுத்தது போலவே இடைநிற்றலைக் கண்ணில் படாமல் மறைக்கவும் செய்தது. எந்தப் பாடத்தில் எத்தனை பேர் தவறினர் என்று பார்ப்பவர்கள் எத்தனை பேர் வரவில்லை என்று பார்ப்பதும் அந்தத் தேர்வுக்குப் பிறகுதான் அதிகமானது.

ஜூன் 20 அன்று வந்த முடிவில், எழுதிய 8,06,277 பேரில் 7,55,998 பேர் தேறினார்கள், 93.76 விழுக்காடு. மாணவியர் 96.32, மாணவர் 90.96. 2020இல் பிளஸ் டூ தேர்ச்சி 92.3 என்பதால் இந்த வகுப்பு முந்தையவர்களைவிட மேல் என்று வாதிட்டவர்கள் உண்டு. குறைந்த பாடத்தில் எழுதிய தேர்வை முழுப் பாடத்தில் எழுதியதோடு ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்று உறுதி: தேர்வே எழுதாமல் வந்தவர்கள், எழுதினால் மொத்தமாகக் கவிழ்ந்துவிடுவார்கள் என்று திண்ணைகளில் சொல்லப்பட்ட ஆரூடம் பொய்த்தது. 'நீங்க எல்லாம் சும்மா பாஸானவங்க' என்று சொல்வோரிடம் அந்த 93.76ஐ எடுத்துக்காட்ட இவர்களுக்கு உரிமை உண்டு. ஆறு வாரப் பள்ளியோடு முடிந்த ஒரு பிளஸ் ஒன்னின் மேல் அதைக் கட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கலை, அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்கள் 2025இல் முடித்தார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இவர்கள் பிளஸ் ஒன்னில் இருந்த 2020 அக்டோபரில் மருத்துவத்துக்கும், மறு ஆண்டு பொறியியலுக்கும் சட்டமானதால், அதன் பயனைப் பெற்றவர்களும் இந்த வகுப்பில் உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று பலரும் மறந்துவிட்டார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது. ஆனால் அஞ்சல் துறையின் கிராமப்புற அஞ்சல் ஊழியர் பணிக்கு எழுத்துத் தேர்வும் கிடையாது, நேர்காணலும் கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரிசைதான். பட்டம் முடித்து வேலை தேடும் இந்த வகுப்பினர் அதற்கு விண்ணப்பிக்கும்போது, 2019 டிசம்பரில் கண்டிப்பாகத் திருத்தப்பட்ட ஓர் அரையாண்டுத் தாளின் மதிப்பெண்ணும் அந்த ஆண்டின் வருகைப்பதிவும் சேர்ந்து அவர்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதை முடிவு செய்கின்றன.